யாருடைய நாய்?

வைரவருக்கு வாகனம் நாய். எங்கள் வடபுலத்துச் சந்திகளிலும் ஒழுங்கை முடக்குகளிலும் சூலம் ஒன்றை நட்டு, விளக்கு ஒன்றை ஏற்றி, வைரவரை வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமைகளில் வடைமாலை சாத்துகிறார்கள். மாலை சாத்திய அதே கை, வாசலிற் படுத்திருக்கும் நாயைக் கண்டதும் கல்லைத் தேடுகிறது. தமிழ் இலக்கியம் படித்தவர்களுக்கு இது புதுமையன்று. இறைவன் முன் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பிய அடியார்கள் தேடி எடுத்த உவமை நாய்தான். மகாபாரதத்தின் முடிவில் தருமனோடு கூட நடக்கும் நாயும், அது தருமதேவதை என்று தெரிந்ததன் பின்னரே கதை கேட்போர் மனத்தில் உயர்ந்து நிற்கிறது. வெறும் நாயாகவே அது இருந்திருந்தால் எத்தனை பேர் அதனை நினைவில் வைத்திருப்பர் என்பது ஐயத்துக்குரியது.

நான் சொல்ல வந்த நாய் தேவதை எதுவுமன்று. செம்மண் நிறம், ஒரு செவி மடிந்தது, வயது ஒன்றுக்கு மேல் இராது. கிளிநொச்சி மாவட்டத்தில், நான் கற்பிக்கும் பாடசாலைக்கு அண்மையில், கண்டி வீதியோரச் சந்தி ஒன்றில் அது வளர்ந்தது. வளர்ந்தது என்றுதான் சொல்லலாம். வளர்த்தவர் என்று யாரையும் சொல்ல முடியாது. தேநீர்க்கடையின் பாண் துண்டும், சைக்கிள் திருத்தும் கடைக்காரரின் மதியச் சோற்றில் மிச்சமும் அதன் சீவியம்.

போர்க்காலத்தில் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்த ஏ-9 வீதி, 2009 ஆம் ஆண்டின் பின்னர் அகலமாக்கப்பட்டுக் காப்பெற் வீதியாயிற்று. அதனால் நன்மை இல்லையென்று சொல்வார் எவருமிலர். நோயாளியும் நெல்லும் மாணவனும் விரைவாகப் போய்ச் சேர வழி பிறந்தது. ஆனால் வீதி அகன்ற வேகத்தில் அதனைக் கடந்து செல்வோரின் கால்கள் விரையவில்லை. தை, மாசி மாதங்களின் பனியில், பகல் வெயிலை உள்வாங்கிய தார் விடியும்வரை இளஞ்சூடாக இருக்கும். ஊர் நாய்கள் அதிற் படுத்து உறங்கும். கூரையில்லாத உயிர் சூட்டைத் தேடுவதில் வியப்பென்ன?

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு விடிகாலை, நெல் மூட்டை ஏற்றிய பட்டா வாகனம் ஒன்று அதனை அடித்துவிட்டு நில்லாமற் போயிற்று. தேநீர்க்கடை வாங்கில் நான் இருந்தேன். நாயின் ஓலம் கேட்டு ஏழெட்டுப் பேர் கூடிவிட்டனர். இடது பின்னங்கால் முழங்காலுக்குக் கீழே தனியாகத் தொங்கியது. தோல் பிளந்து எலும்பு வெளியே வரவில்லை. முன்னங்கால்களை ஊன்றி அது வீதியோரத்துக்குத் தன்னை இழுத்துக்கொண்டு வந்தது.

கூட்டத்திற் பிறந்த முதற் கேள்வி, “ஆற்றை நாய்?” என்பது. இரண்டாவதாக எழுந்தது ஒரு யோசனை: “ஒரு அடியிலை முடிச்சுவிட்டால் அதுக்கும் நிம்மதி.” சொன்னவர் கொடியவர் அல்லர். வேலைக்குப் போகும் அவசரத்தில் இரக்கம் கொண்ட மனிதர். அவசரமுள்ள இரக்கம் பெரும்பாலும் அந்த முடிவைத்தான் கண்டுபிடிக்கிறது.

கூட்டத்தில் என் மாணவன் ஒருவனும் நின்றான். பதினோராந் தரம். பாடசாலைச் சீருடையில் அன்று. சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயுடன், நெல் வேலைக்கு ஆள் ஏற்றும் உழவு இயந்திரத்துக்காகக் காத்து நின்றான். காலபோக அறுவடைக் காலத்தில் எங்கள் வகுப்புகளின் வரவுப் பதிவேட்டைப் பார்க்கும் எவருக்கும் இது புதினமாக இராது. என்னைக் கண்டதும் சற்று ஒதுங்கியவன், நாயின் ஓலம் நில்லாதது கண்டு முன்னே வந்து குனிந்தான்.

“வாயைக் கட்டாமல் கை வைக்காதை, தம்பி!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சைக்கிள் கடைக்காரர். ஐம்பது வயதைத் தாண்டியவர். வலது கால் முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால். நோவில் இருக்கும் நாய் தன்னை வளர்த்தவனையும் கடிக்கும் என்பது அவருக்குத் தெரியும். விசர்நாய்க்கடி வந்து நோயின் குறிகள் தோன்றிவிட்டால் மருத்துவத்தால் மீட்பது அரிதினும் அரிது என்பதையும், கடி பட்டால் உடனே சவர்க்காரமிட்டுக் கால்மணி நேரமாவது ஓடும் நீரிற் கழுவி வைத்தியசாலைக்கு ஓடவேண்டும் என்பதையும் அங்கேயே சொன்னார். பழைய சாரத்திற் கிழித்த ஒரு நாடாவை மூக்கின்மேற் சுற்றி, தாடையின் கீழே முடிந்து, காதுகளின் பின்னாற் கட்டச் செய்தார். “கன நேரம் விடக்கூடாது. நாய்க்கு வேர்க்காது; வாயாலை இளைச்சுத்தான் சூட்டைப் போக்கும்.” தொங்கிய காலை நேராக்க எவரையும் விடவில்லை. வாங்குப் பலகை ஒன்றை உடலோடு ஒட்டி வைத்து, உரப்பை விரித்து, அசையாமல் அதன்மேல் நகர்த்தினோம்.

இதற்கிடையில் உழவு இயந்திரம் வந்து, நின்று, போய்விட்டது. மாணவன் அதைத் திரும்பிப் பார்த்தான்; ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாட் கூலி போயிற்று.

ஓட்டோவில் அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்குக் கொண்டு சென்றோம். நான் முதல் இரண்டு பாடவேளைகளுக்கு விடுப்பு எடுத்தேன். அங்கே பெரிய பதிவேடு ஒன்று இருந்தது. மாடு, ஆடு, கோழி என்று நிரல்கள்; அதற்கு முன்னால் உரிமையாளர் பெயர், முகவரி. பதிவாளர் நல்ல மனிதர். ஆனால் அவர் முன்னிருந்த ஏட்டுக்குச் சந்தியில் வளர்ந்த நாயை எழுத இடமில்லை. “உரிமையாளர் யார்?” என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் மாணவன் தன் பெயரைச் சொன்னான். அவனுடைய குடும்பம் மீள்குடியேறி இருக்கும் காணிக்கு உறுதியும் இல்லை, அனுமதிப் பத்திரமும் இல்லை. ஓர் அரசாங்க ஏட்டில் அவன் உரிமையாளனாக எழுதப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும்.

இங்கே சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மிருகங்களுக்குக் கொடுமை செய்வதைத் தடுக்க இந்நாட்டில் 1907 ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. வெள்ளையர் ஆட்சியில் எழுதப்பட்ட அச்சட்டம் குறித்த தண்டப் பணம் கூடியது நூறு ரூபா. அக்காலத்தில் அது சிறு தொகையன்று. இன்று அது தேநீர்க்கடைக் கணக்கு. 2006 ஆம் ஆண்டில், கட்டாக்காலி நாய்களைப் பிடித்துக் கொல்வதில்லை என்ற கொள்கை நாட்டில் ஏற்கப்பட்டது. அது நல்ல முடிவு. எனினும் கொல்லாதிருப்பதற்கு ஓர் உத்தரவு போதும். முறிந்த காலோடு கிடப்பதைப் பிழைக்க வைப்பதற்கு ஆறு கிழமை யாரோ ஒருவர் வேலை செய்யவேண்டும். அந்த வேலைக்கு எந்தச் சுற்றறிக்கையும் ஆளை நியமிப்பதில்லை.

வைத்தியர் இளம் பெண். பிரதேசம் முழுவதற்கும் பொறுப்பு அவருடையது. அன்று காலையே கன்று ஈன முடியாமற் கிடந்த பசுவொன்றைப் பார்க்கப் போகவேண்டியிருந்தது. அப்படியிருந்தும் நோவுக்கு ஊசி போட்டு, மயக்கம் கொடுத்து, கையால் தடவிப் பார்த்தே முறிவைக் கண்டுபிடித்துப் பொருத்தினார். எக்ஸ்-றே வசதி அங்கே இருக்கவில்லை. “எலும்பு முறிந்தால் முறிந்த இடம் மாத்திரம் அசையாமலிருந்தால் போதாது. மேல் மூட்டு, கீழ் மூட்டு இரண்டும் அசையக்கூடாது” என்றார். அந்த அளவில் வளைந்த மட்டை அலுவலகத்தில் இல்லை. சைக்கிள் கடைக்காரர் வெளியே போய் எஸ்லோன் குழாய் ஒரு துண்டு வாங்கி வந்தார். நெடுக்காகப் பிளந்து, நெருப்பிற் காட்டி இளக்கி, நாயின் காலின் வளைவுக்கு ஏற்ப வளைத்தார். விளிம்புகளை அரத்தால் மழுக்கினார். வைத்தியர் அதனை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பஞ்சு வைத்துக் கட்டினார். நடுவிரல்கள் இரண்டின் நுனி மாத்திரம் வெளியே தெரிந்தது.

அந்த இரு விரல்களே அடுத்த ஆறு கிழமைக்கும் எங்கள் பாடநூல். காலையிலும் மாலையிலும் தொட்டுப் பார்க்கவேண்டும். குளிர்ந்திருந்தால், வீங்கியிருந்தால், இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று விரிந்து நின்றால், கட்டு இறுகி இரத்தவோட்டம் தடைப்படுகிறது என்று பொருள். கட்டிலிருந்து கெட்ட நாற்றம் வந்தால் உள்ளே புண். கட்டு நனையக்கூடாது; வெளியே கொண்டு போகும்போது பொலித்தீன் பை சுற்றிவிட்டு, திரும்பியதும் கழற்றிவிட வேண்டும், இல்லையேல் உள்ளே வேர்வை பிடித்து அழுகும். ஓடவிடக் கூடாது, பாயவிடக் கூடாது. கட்டைக் கடித்துப் பிய்க்காதிருக்க, பழைய பெயின்ற் வாளியின் அடியை வெட்டிக் கழுத்திற் பூட்டினோம். வாளிக்குள்ளிருந்து உலகத்தைப் பார்த்த அந்த முகத்தைக் கண்டு தேநீர்க்கடை முழுவதும் சிரித்தது. சிரித்தவர்கள் நாளடைவில், “இண்டைக்கு எப்பிடி?” என்று கேட்கவும் தொடங்கினார்கள்.

மூன்றாம் நாள் நாய் முனகியதைப் பொறுக்கமாட்டாமல், தேநீர்க்கடைக்காரர் பனடோல் ஒன்றைப் பாலிற் கரைத்துக் கொண்டு வந்தார். மாணவன் ஓடிப்போய்த் தடுத்தான். மனிதர் விழுங்கும் நோவு மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பனடோல் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இபுபுரூபன் வயிற்றைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பூனைக்கென்றால் ஒரு பனடோல் வில்லையே உயிருக்கு ஆபத்து. இதை நான் வகுப்பிற் சொன்னபோது, வீட்டில் நாய்க்குப் பனடோல் கொடுப்பதுண்டு என்று நாலைந்து பிள்ளைகள் சொன்னார்கள். ஆதலால் இங்கும் எழுதுகிறேன்.

எங்கே வைத்திருப்பது என்பது ஒரு பிரச்சினையாயிற்று. மாணவனின் வீடு ஓர் அறை. அதில் ஐந்து பேர். பாடசாலையில் பாவனையற்ற சைக்கிள் கொட்டில் ஒன்று உண்டு. அதிபர் இணங்கவில்லை; பிள்ளைகள் நடமாடும் இடத்தில் ஊசி போட்ட விபரம் தெரியாத நாயை வைக்கமுடியாது என்றார். அவருடைய நியாயம் நியாயமே. ஈற்றில் சைக்கிள் கடையின் பின்புறத்தில், கிடுகு மறைத்து, உரப்பை பரப்பி இடம் ஒதுக்கப்பட்டது. சோறும் நெத்தலிக் கருவாட்டுத் தலைகளும் தேநீர்க்கடையின் பங்கு. முட்டையும் ஓட்டோக் கூலியும் என் பங்கு. விசர்நாய்த் தடுப்பூசி அரசாங்கத்தின் பங்கு, அது இலவசம். மீதி எல்லாம் மாணவனுடையது. அழுக்கை அள்ளுவதும், கட்டைப் பார்ப்பதும், கிழமைக்கொரு முறை வைத்தியரிடம் கொண்டுபோவதும், இரவிற் குளிருக்குச் சாக்குப் போர்த்துவதும். அன்பு என்று நாம் கவிதையில் எழுதுவதை அருகிலிருந்து பார்த்தால் அதிற் பெரும்பகுதி துப்புரவு வேலையாக இருக்கிறது.

ஒரு மாலை நான் சைக்கிள் கடைக்காரரைக் கேட்டேன்: “அண்ணை, உங்களுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்?”

அவர் ரியூப்பில் ஒட்டுப் போட்டபடியே சொன்னார்: “காலாலை படிச்சது, மாஸ்டர்.”

2009 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிழக்கே நகர்ந்த நாட்களில், எறிகணையில் அவருடைய கால் போயிற்று. “ரோட்டுக்கரையிலை கிடந்தன். சனம் மூட்டை முடிச்சோடை போய்க்கொண்டிருந்தது. ஆரோ ஒருத்தன் தன்ரை சைக்கிளிலை இருந்த சாமானை இறக்கிப்போட்டு என்னை ஏத்தினான். முகம் நினைவில்லை. பேர் தெரியாது. பிறகு எத்தனையோ பேரைக் கேட்டுப் பார்த்தன்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் மாற்றம் எதுவும் இருக்கவில்லை. அவர் எதற்காகச் சைக்கிள் கடை போட்டார் என்று நான் கேட்கவில்லை.

அவர் அணிந்திருப்பது ஜெய்ப்பூர் கால். யாழ்ப்பாணத்தில் 1987 ஆம் ஆண்டு முதல் இத்தகைய கால்கள் செய்து பொருத்தப்பட்டு வருகின்றன. அதன் வரலாறு ஆசிரியர்கள் அறியவேண்டியது. 1968 ஆம் ஆண்டளவில் இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில், முறையான கல்வி அதிகம் பெறாத ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும், பிரமோத் கரண் சேத்தி என்ற எலும்பு வைத்தியரும் சேர்ந்து அதனை ஆக்கினர். மேல்நாட்டுச் செயற்கைக் காலோடு வயலில் இறங்க முடியாது, சம்மணங் கொட்டி இருக்க முடியாது, வெறுங்காலோடு நடக்க முடியாது. எங்கள் மக்களின் வாழ்வு இம்மூன்றாலும் ஆனது. தெருவோரத்தில் லொறி ரயருக்கு இறப்பர் ஒட்டுவதைப் பார்த்துத்தான் சர்மாவுக்கு இறப்பர்ப் பாதத்தின் யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். நீர்க்குழாய்க்குப் பயன்படும் பொலித்தீன் வகையைச் சூடாக்கி வளைத்தே பின்னாளில் கெண்டைப் பகுதியையும் செய்தார்கள். எங்கள் சைக்கிள் கடைக்காரர் எஸ்லோன் குழாயை நெருப்பிற் காட்டியபோது அவர் எங்கே கற்றதைச் செய்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. 1981 ஆம் ஆண்டில் மகசேசே விருது சேத்திக்குக் கிடைத்தது. விருதுகள் பட்டத்தைத் தேடிப் போவது வழக்கம்.

ஏழாவது கிழமை கட்டை அவிழ்த்தார்கள். எலும்பு பொருந்தியிருந்தது. ஆனால் தொடை சதை வற்றி மற்றத் தொடையிற் பாதியாகத் தெரிந்தது. அதைவிட மோசமானது, நாய் அந்தக் காலை நிலத்தில் வைக்கவே மறுத்தது. மூன்று காலில் அழகாகத் துள்ளித் துள்ளி ஓடப் பழகிவிட்டது. மாணவன் மனமுடைந்து போனான். “இவ்வளவும் வீணோ, மாமா?” என்று கேட்டான்.

“எலும்பு பொருந்தினது அதுக்குத் தெரியாதடா. அந்தக் காலிலை பாரம் வைச்சால் நோகும் எண்டுதான் அதுக்குத் தெரியும். எனக்குப் புதுக் கால் பூட்டி ரெண்டு மாசம், சுவரை விட்டுக் கையை எடுக்கேல்லை.”

அதன் பின்னர் நடந்தவையே இக்கதையில் நீண்டவை, சொல்லச் சுவையற்றவை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் தொடைக்கு ஒத்தடம். அதன் பின் காலை மெதுவாக மடக்கி நீட்டுதல், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து முறை, நாளுக்கு மூன்று தடவை. பின்னர் நடை. நடையில் ஒரு நுட்பம் உண்டு. நாயை வேகமாக விட்டால் நோவுள்ள காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடும். கயிற்றைப் பிடித்து மிக மெதுவாக, ஆமை வேகத்தில் நடத்தினால், சமநிலைக்காக நாலாவது காலையும் ஊன்றியே ஆகவேண்டும். விரைவாகச் செய்யும்போது மறைந்துபோகும் குறை மெதுவாகச் செய்யும்போதுதான் திருந்துகிறது. (கற்பித்தலிலும் இதனைக் கண்டிருக்கிறேன்.) முதல் நாள் ஐந்து நிமிடம், பின்னர் பத்து. சித்திரை வெயில் தாழ்ந்த மாலைகளில், இரணைமடுவிலிருந்து வரும் வாய்க்காலில் முழங்காலளவு நீரில் நடத்தினார்கள். நீர் உடலைத் தாங்க, கால் பயமின்றி அசைந்தது. கரையிலே செயற்கைக் காலோடு ஒருவர், நீரிலே சாரத்தைத் தூக்கிக் கட்டிய ஒருவன், இடையிலே நாய். வயலால் வந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, வாய்க்கால் வரம்பில் ஏறியபோது, அது இடது பின்னங்காலை ஊன்றிற்று. ஈர மண்ணில் நாலு அடிகளும் பதிந்திருந்தன. நாலாவது அடி மற்றவற்றைவிட மெல்லியது. மாணவன் அதன் பக்கத்திற் குந்தியிருந்து கனநேரம் அந்தச் சுவட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைப் பற்றி எங்கள் ஆசிரியர் அறையில் நிலவிய கருத்தை இங்கே எழுதத் தேவையில்லை. அக்கருத்து பரீட்சைப் புள்ளிகளாலும் வரவுப் பதிவேட்டாலும் ஆனது. ஏழு கிழமை ஒரு கட்டை ஒரு வேளையும் தவறாமற் பரிசோதித்த கவனத்துக்குப் புள்ளியிடும் வினாத்தாள் எதையும் நான் இதுவரை திருத்தியதில்லை. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்கு அவன் தோற்றினான். ஒரு நாள் வந்து, “சேர், மிருக வைத்தியராக வாறதுக்கு என்ன படிக்கவேணும்?” என்று கேட்டான். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தைப் பற்றிச் சொன்னேன். அதற்கு உயர்தரத்தில் உயிரியல் விஞ்ஞானம் வேண்டும். எங்கள் பாடசாலை வகை இரண்டைச் சேர்ந்தது. பதினோராந் தரத்துடன் முடிகிறது. உயர்தர விஞ்ஞானம் 1ஏபி பாடசாலைகளில்தான் உண்டு. அங்கே போய்வரப் பஸ் காசு வேண்டும்; தனியார் வகுப்புக் காசு வேண்டும்; அறுவடைக் காலத்திற் கூலியை விடவேண்டும். இவற்றையெல்லாம் நான் சொல்ல, அவன் நிதானமாகக் கேட்டான். பெறுபேறு வந்தது. விஞ்ஞானத்தில் அவனுக்குத் திறமைச் சித்தி. கணிதத்திற் சாதாரண சித்தி. இப்போது நகரத்துப் பாடசாலையின் அனுமதிக்கு விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். அவனுக்காகச் சைக்கிள் ஒன்றைப் பழைய உதிரிப் பாகங்களால் கட்டிக்கொண்டிருக்கிறார் கடைக்காரர். பின்சக்கரம் மாத்திரம் இன்னும் கிடைக்கவில்லை.

நாய் கடை வாசலிற் படுக்கிறது. மழைக் குளிருக்குச் சற்று நொண்டுகிறது. இரவில் தார்ச் சூட்டைத் தேடிப் போகாதிருக்க, கடைக்குள்ளே உரப்பைகளை இரட்டையாக விரித்து விடுகிறார்கள்.